டெல்ஃபியில குறி கேட்டவங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, பழைய கிரேக்க நாட்டுல டெல்ஃபின்னு ஒரு ஊர், அங்க அப்போலோ கோயில் முன்மண்டபத்துல "உன்னை நீயே அறி"ன்னு வெட்டி வெச்சிருந்தாங்க, குறி கேட்க வர்றவங்க அதைத் தாண்டித்தான் உள்ள போகணும்னு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸப்பும் ஏராளம். பாதி பேர் வரலாறு கேட்டிருக்காங்க, மீதி பேர் சொந்தக் கதையையே எழுதி அனுப்பியிருக்காங்க. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே. பேரை எடுத்துட்டேன், ஏரியா மட்டும் இருக்கு.

"இந்த வருஷம் உங்க குடும்பத்துல ஒரு வீடு கைமாறும்னு ஜோசியர் சொன்னார். நாங்க வீடு வாங்கப் போறோம்னு நினைச்சு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டோம். கடைசில லோன் கிடைக்காம அட்வான்ஸும் போச்சு, கடனை அடைக்க அப்பா கட்டின வீட்டைத்தான் வித்தோம். ஜோசியர் ஏமாத்திட்டாரா?" (சூளைமேடு வாசகர்)

மனசு கஷ்டமா இருக்கு சார். அப்பா கட்டின வீடு போறது சாதாரண விஷயம் இல்லை.

உங்களுக்கு நடந்தது அப்படியே ஒரு ராஜாவுக்கு நடந்திருக்கு. குரோசஸ்னு பேரு, இன்னைக்கு துருக்கியோட மேற்குப் பக்கம் இருக்கிற லிடியாவை ஆண்டவர், பெரும் பணக்காரர். பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரடோட்டஸ் இந்தக் கதையை விலாவாரியா எழுதியிருக்கார். குரோசஸ் ஒண்ணும் ஏமாளி இல்லை, எந்தக் கோயில் குறி நம்பகமானதுன்னு முதல்ல டெஸ்ட் வெச்சார். பல கோயிலுக்கும் ஆள் அனுப்பி, நீங்க கிளம்பின நூறாவது நாள் ராஜா என்ன பண்ணிக்கிட்டிருக்கார்னு கேளுங்கன்னு சொன்னார். அந்த நாள் அவர் பண்ணினது யாரும் யோசிக்கவே முடியாத வேலை, ஆமைக்கறியையும் ஆட்டுக்குட்டிக் கறியையும் ஒண்ணா வெண்கல அண்டாவுல போட்டு வெண்கல மூடியால மூடி வேக வெச்சார். டெல்ஃபியில அதை அப்படியே சொல்லிட்டாங்களாம். உடனே தங்கத்துல சிங்கமே செஞ்சு காணிக்கை அனுப்பிட்டு, பாரசீகத்து மேல படையெடுக்கலாமான்னு கேட்டார். எடுத்தா ஒரு பெரிய சாம்ராஜ்யம் அழியும்னு பதில் வந்துச்சு. சந்தோஷமா கிளம்பினார், அழிஞ்சது அவரோட சாம்ராஜ்யம். கி.மு. 546 வாக்குல தலைநகர் சார்டிஸ் பாரசீக ராஜா சைரஸ் கையில விழுந்துடுச்சு.

அப்புறம் குரோசஸ் தன்னைக் கட்டின சங்கிலியை டெல்ஃபிக்கே அனுப்பி, இதுதான் நீங்க செய்யுறதான்னு கேட்கச் சொன்னார். எந்த சாம்ராஜ்யம், என்னோடதா அவனோடதான்னு திரும்ப ஒரு ஆளை அனுப்பிக் கேட்டிருக்கணும், கேட்காதது உன் குத்தம்னு பதில் வந்துச்சு. கேட்க ஈவு இரக்கம் இல்லாத பதில் மாதிரி இருக்கும், ஆனா நான் அந்தப் பக்கம்தான் சார். குறி சரியா வருதான்னு கோயிலையே பரிசோதிச்ச மனுஷன், சண்டை போட்டே ஆகணும்னு தனக்குள்ள கிடந்த ஆசையைப் பரிசோதிக்கலை. தோத்துப் போறது நானா இருந்தா என்னன்னு ஒரு நிமிஷம் யோசிக்கிற பழக்கமே அவர்கிட்ட இல்லை.

இதே டெல்ஃபியில ஏதென்ஸ்காரங்க என்ன பண்ணாங்கன்னும் சொல்லிடறேன். கி.மு. 480ல பாரசீகப் படை திரண்டு வருது, குறி கேட்டா எல்லாத்தையும் விட்டுட்டு ஓடுங்கன்னு வந்துச்சு. அவங்க ஆலிவ் கிளையைக் கையில பிடிச்சுக்கிட்டு மறுபடி உள்ள போய், இதை விட நல்ல வார்த்தை கிடைக்காம நாங்க போகவே மாட்டோம்னு உட்கார்ந்துட்டாங்க. ரெண்டாவது தடவை மரச்சுவர் உங்களைக் காக்கும்னு பதில். அதைத் தூக்கிட்டு ஊருக்கு வந்து சபையில வெச்சு எல்லார் முன்னாடியும் வாதம் பண்ணாங்க. மரச்சுவர்னா கோட்டை மேல இருக்கிற வேலின்னு சில பேர், கப்பல்னு ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ். அவர் பக்கம் ஊர் சாய்ஞ்சுது, சலாமிஸ் கடல்ல ஜெயிச்சாங்க. வேலிதான்னு நம்பி கோட்டை மேலயே தங்கினவங்க செத்துப் போனாங்க.

உங்க வீட்டுல அந்த ஜோசியம் வந்த அன்னைக்கு, உங்க சம்சாரமோ பசங்களோ யாராவது "எந்த வீடு?"ன்னு கேட்டாங்களா? கேட்டிருந்தா கேட்க விட்டிருப்பீங்களா? அடுத்த பெரிய முடிவுக்கு முன்னாடி அந்தக் கேள்வியைக் கேட்கிற ஒரு ஆளைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க.

"டெல்ஃபியில குறி சொன்னது எல்லாம் கேஸ் மயக்கம்னு யூட்யூப்ல பார்த்தேன். மொத்தமும் ஃபிராடா?" (மாநிலக் கல்லூரி மாணவர், திருவல்லிக்கேணி)

ஃபிராடுன்னு ஒரே வார்த்தையில தள்ளிடாதீங்க தம்பி. முறையைக் கேளுங்க. குறி சொல்றது பித்தியாங்கிற பூசாரி அம்மா. பிற்காலத்துல 50 வயசுக்கு மேல இருக்கிறவங்களைத்தான் வெச்சாங்களாம். மாசத்துல ஒரு நாள்தான், ஏழாம் தேதி, அதுவும் குளிர்கால மூணு மாசம் அப்போலோ ஊர்ல இல்லைன்னு சாத்திடுவாங்க, ஆக வருஷத்துக்கு ஒன்பது நாள். காலையில அவங்க காஸ்டாலியா ஊத்துல குளிச்சிட்டு வருவாங்க. ஒரு ஆட்டு மேல பச்சைத் தண்ணி தெளிப்பாங்க, அது உடம்பு பூரா சிலிர்க்கணும். நம்ம ஊர்ல கிடா வெட்டுறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சு அது தலையை ஆட்டி உத்தரவு குடுக்கட்டும்னு நிக்கிறாங்கல்ல, அதேதான். சிலிர்க்கலைன்னா அன்னைக்குக் குறி கிடையாது. கட்டணமும் உண்டு, வரிசையும் உண்டு, கியோஸ் தீவுக்காரங்க பெரிய பலிபீடம் கட்டிக் குடுத்ததால அவங்களுக்கு முன்னாடி போற உரிமை, சிறப்பு தரிசன க்யூ மாதிரி.

புளூட்டார்க் டெல்ஃபியிலேயே பூசாரியா இருந்தவர், அவர் ஒரு சம்பவம் எழுதியிருக்கார். வெளியூர்லேர்ந்து பெரிய ஆளுங்க வந்திருக்காங்கன்னு, சிலிர்க்காத ஆட்டு மேல தண்ணியா கொட்டி வலுக்கட்டாயமா நடுங்க வெச்சாங்க, பித்தியாவுக்கு இஷ்டமே இல்லை, இருந்தும் உள்ள அனுப்பினாங்க. அந்த அம்மா குரலே மாறிப் போய் கத்திக்கிட்டு வெளிய ஓடி வந்து விழுந்துட்டாங்க, சில நாள்ல செத்தும் போயிட்டாங்க. எனக்கு இதைப் படிச்சா கோபம்தான் வருது. வந்தவங்களுக்கு பதில் வேணும், அதுக்கு ஒரு உயிரை உள்ள தள்ளினாங்க.

கேஸ் விஷயம்: கோயிலுக்கு அடியில நிலப்பிளவு இருக்கு, அது வழியா எத்திலீன்ங்கிற மயக்கம் தர்ற வாயு வந்திருக்கலாம்னு 2001ல புவியியல்காரங்க சில பேர் எழுதினாங்க, அந்த அளவுக்கு எத்திலீன் அங்க வந்திருக்காதுன்னு வேற சில பேர் மறுத்தாங்க, சண்டை இன்னும் தீரலை. அதை விட எனக்கு முக்கியமாப் படுறது பதில் கைக்கு வந்தப்புறம் ஆளுங்க என்ன பண்ணாங்கங்கிறதுதான். சாக்ரடீஸோட சிநேகிதன் கைரெஃபோன் டெல்ஃபி போய், சாக்ரடீஸை விட அறிவாளி உண்டான்னு கேட்டான், யாரும் இல்லைன்னு வந்துச்சு. வேற ஆளா இருந்தா ஃபிளெக்ஸ் அடிச்சிருப்பாங்க. அவர் அது எப்படி சரியா இருக்கும்னு குழம்பி, தன்னை விட அறிவாளியைக் காட்டி அந்தக் குறியையே மறுத்துப் பார்க்கலாம்னு அரசியல்வாதி, கவிஞர், கைத்தொழில்காரங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா போய்க் கேள்வி கேட்டார். கைத்தொழில்காரங்களுக்கு அவங்க வேலை உண்மையாவே தெரிஞ்சிருந்துச்சு, ஆனா அது தெரிஞ்சதால எல்லாமே தெரியும்னு நினைச்சுக்கிட்டாங்கன்னு சொல்றார். அடுத்த லெட்டருக்கு இது வேணும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

"பல வருஷமா எஸ்டேட்ல ஒரு கம்பெனியில சிஎன்சி ஆபரேட்டர். இப்போ சொந்தமா ஷெட் எடுத்து ரெண்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்ணலாம்னு இருக்கேன். வீட்டுல நகையைக் குடுக்க ஒத்துக்கிட்டாங்க. எந்த மாசம் ஆரம்பிக்கலாம்னு ஜோசியர்கிட்ட கேட்டேன், தை பொறக்கட்டும்னு சொன்னார். உன்னை அறிங்கிறது என்னை மாதிரி ஆளுக்கு எதுக்காவது உதவுமா, இல்ல சாமியாருங்க விஷயமா?" (அம்பத்தூர் வாசகர்)

உங்களை மாதிரி ஆளுக்குத்தான் அதை எழுதி வெச்சாங்கன்னு நான் நம்புறேன்.

கி.மு. 401ல ஜெனோஃபோன்னு ஏதென்ஸ் இளைஞர் ஒருத்தர். பாரசீக இளவரசன் சைரஸ் படை சேர்க்கிறான், நீயும் வான்னு சிநேகிதன்கிட்டேர்ந்து லெட்டர். (குரோசஸை ஜெயிச்ச சைரஸ் வேற, இவன் பின்னாடி வந்தவன்.) சாக்ரடீஸ்கிட்ட யோசனை கேட்டார். அவருக்கு பயம், அந்த சைரஸ் ஏதென்ஸோட எதிரிக்கு உதவினவன், ஊர் நாளைக்கு உன் மேல பாயும், எதுக்கும் டெல்ஃபி போய்க் கேட்டுட்டு வான்னார். இவரும் போனார். என்ன கேட்டார் தெரியுமா? நான் போற பயணம் நல்லபடியா முடிஞ்சு பத்திரமா திரும்ப எந்தெந்த சாமிக்குப் பலி குடுக்கணும்னு கேட்டார். பதிலும் வந்துச்சு. திரும்பி வந்து சொன்னதும் சாக்ரடீஸ் கண்டிச்சார், போகலாமா வேண்டாமான்னு கேட்காம, போறதுன்னு நீயே முடிவு பண்ணிட்டு எப்படிப் போறதுன்னு மட்டும் கேட்டிருக்க, கேட்டது கேட்டாச்சு, சாமி சொன்னதைச் செஞ்சுட்டுக் கிளம்புன்னார். சைரஸ் போர்ல செத்தான், நடு பாரசீகத்துல சிக்கின பத்தாயிரம் கிரேக்க வீரர்களை ஊர் கொண்டு வந்து சேர்க்கிற பொறுப்பு இவர் தலையிலயும் விழுந்துச்சு, பின்னாடி சாக்ரடீஸ் பயந்த மாதிரியே ஊரும் இவரை வெளியேத்திடுச்சு. தான் கேள்வியை மாத்திக் கேட்ட இந்த விஷயத்தை ஜெனோஃபோனே தன் புத்தகத்துல எழுதி வெச்சதுக்கு அவர் மேல எனக்கு பெரிய மரியாதை.

நீங்க ஜோசியர்கிட்ட கேட்டது அதேதான் சார். ஆரம்பிக்கலாமான்னு கேட்கலை, எந்த மாசம்னு கேட்டிருக்கீங்க.

இதே ஜெனோஃபோன் இன்னொரு இடத்துல, யூதிடெமஸ்னு ஒரு பையன்கிட்ட சாக்ரடீஸ் பேசினதை எழுதுறார். புத்தகமா வாங்கி அடுக்கின பையன், அரசியலுக்குப் போகணும்னு ஆசை. டெல்ஃபி போயிருக்கியா? ரெண்டு தடவை. அந்த எழுத்தைப் பார்த்தியா? பார்த்தேன். உன்னை யாருன்னு யோசிச்சியா? அதெல்லாம் எனக்கே தெரியுமேன்னு விட்டுட்டேன்ங்கிறான். உடனே சாக்ரடீஸ் குதிரை வாங்குறவனை இழுக்குறார். குதிரை சொன்ன பேச்சு கேட்குமா முரண்டு பிடிக்குமா, பலமா நோஞ்சானா, வேகமா சோம்பலா, இதெல்லாம் ஓட்டிப் பார்க்காம எவனாவது எனக்கு இந்தக் குதிரையைத் தெரியும்னு சொல்வானா? அதே மாதிரி நீ எந்த வேலைக்கு லாயக்கு, உன் திறமை எவ்வளவுன்னு சோதிச்சுப் பார்த்தவனுக்குத்தான் தன்னைத் தெரியும்ங்கிறார். தன்னால எது முடியும் எது முடியாதுன்னு தெரிஞ்சவன் முடிஞ்சதைச் செஞ்சு பிழைச்சுக்குவான், தெரியாததுல கை வைக்காம தப்பிச்சுக்குவான், இதுதான் அவர் சொல்ற லாபம். ஆத்மா பரமாத்மா எதுவும் இதுல இல்லை, பிழைப்பைப் பத்தின பேச்சு.

இப்போ உங்களை ஓட்டிப் பாருங்க. புரோகிராம் போடுறது, டூல் செட் பண்றது, மைக்ரான்ல அளவு பிடிக்கிறது, இதெல்லாம் உங்களுக்கு வரும், அதுல சந்தேகம் இல்லை. ஆனா சொந்த ஷெட்ல அது பாதி வேலைதான். டிராயிங்கைப் பார்த்து பீஸுக்கு இவ்வளவுன்னு கொட்டேஷன் போட்டிருக்கீங்களா, அதுல டூல் தேய்மானம், கரண்ட் பில், ரிஜெக்‌ஷன் எல்லாம் சேர்த்து? பணம் தர வேண்டிய பார்ட்டிக்கு வாரா வாரம் போன் போட்டு கூச்சப்படாம கேட்க உங்களால முடியுமா, இல்ல ரெண்டு தடவை கேட்டதும் முகம் வாடிடுமா? பதிவு பண்ணின சின்ன கம்பெனிக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பேமென்ட் குடுக்கணும்னு 2006 எம்எஸ்எம்இ சட்டத்துல இருக்கு, ஆனா அந்தச் சட்டத்தைக் காட்டி தனக்கு ஆர்டர் தர்ற பெரிய கம்பெனியை எதிர்க்க வயித்துல நெருப்பு வேணும். ஆள் லீவு போட்ட நாள் நைட் ஷிஃப்ட் நீங்களே நிப்பீங்க, அது தெரியும், மறுநாள் காலையில குளிச்சிட்டு பேங்க் மேனேஜர் முன்னாடி சிரிச்ச முகமா உட்கார முடியுமா?

கைத்தொழில்காரங்களைப் பத்தி மேல சொன்னது இதுக்குத்தான். ஒரு வேலை நல்லா தெரிஞ்ச பெருமையில பக்கத்து வேலையும் தெரியும்னு தோணும். நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி, ஏற்கனவே ஷெட் நடத்துற ஒருத்தர்கிட்ட போய் சனிக்கிழமை சனிக்கிழமை அவரோட கணக்கு வழக்கு, வசூல் வேலையை மட்டும் சும்மா கூட இருந்து செஞ்சு பாருங்க. வசூல் உங்களுக்கு வரலைன்னு தெரிஞ்சா அதுவும் லாபம்தான், அது வர்ற ஒரு பார்ட்னரைத் தேடுங்க, மச்சானோ பழைய சூப்பர்வைசரோ. தை பிறக்கட்டும், சித்திரையும் பிறக்கட்டும், ஒண்ணும் அவசரம் இல்லை.

"பொண்ணுக்கு வரன் பார்க்கும்போது கோயில்ல பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ வந்தது, வேண்டாம்னுட்டோம். கிரேக்கத்துலயும் இப்படி சாதாரண ஜனங்க கேட்பாங்களா, ராஜாங்க மட்டும்தானா?" (மயிலாப்பூர் வாசகி)

நிறைய கேட்டிருக்காங்கம்மா. டெல்ஃபியை விட இதுக்கு டொடோனாதான், வடமேற்கு கிரேக்கத்துல ஜீயஸ் கோயில், ஓக் மரம்தான் அங்க விசேஷம். ஜனங்க சின்ன ஈயத் தகட்டுல கேள்வியைக் கீறி மடிச்சுக் குடுப்பாங்க. அப்படிப்பட்ட எழுத்து 4000க்கும் மேல கிடைச்சிருக்கு. படிச்சா நம்ம தெரு ஜனங்க மாதிரியே இருக்காங்க. காணாமப் போன போர்வையையும் தலகாணியையும் வெளியாள் எவனாவது திருடிட்டானான்னு ஒருத்தன். பொண்டாட்டி வயித்துல இருக்கிற குழந்தை என்னோடதுதானான்னு ஒருத்தன், அந்தத் தகட்டைக் கீறும்போது அவன் கை எப்படி நடுங்கியிருக்கும்னு நான் பல தடவை நினைச்சிருக்கேன். ஆடு வளர்த்தா எனக்கு நல்லதான்னு ஒருத்தன். பெரும்பாலும் "இதைச் செஞ்சா எனக்கு நல்லதா?"ன்னுதான் இருக்கும், நடக்குமா நடக்காதான்னு கேட்கிறதை விட அது எவ்வளவோ மேல்.

ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. பொட்டலத்தைப் பிரிச்சு வெள்ளைப் பூன்னு தெரிஞ்ச அந்த நொடி உங்களுக்கு நிம்மதியா இருந்துச்சா, ஏமாத்தமா இருந்துச்சா? உங்க பொண்ணு முகம் எப்படி இருந்துச்சு? அடுத்த வரனுக்குப் பூக்கட்டுறதுக்கு முன்னாடியே அவகிட்ட தனியா உட்கார்ந்து கேட்டுடுங்க.

"கொழுந்தனார் பிசினஸ் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போடச் சொல்றார். மாட்டேன்னா குடும்பத்துல பேச்சு வரும். அந்தக் கோயில்ல இதுக்கு ஏதாவது எழுதியிருக்கா?" (பெரம்பூர் வாசகி)

இருக்கு, நிஜமாவே இருக்கு. அங்க பிரபலமான வாசகம் மூணு. ஒண்ணு உன்னை அறி, ரெண்டாவது எதுவும் அளவுக்கு மீறாதே, மூணாவது ஜாமீன் நின்னா நாசம் பக்கத்துல நிக்கும். மூணாவதை யாரும் டி-ஷர்ட்ல போடுறதில்லை. ஆனா சாமி வாசல்ல, உன்னை அறிக்குப் பக்கத்துல அதையும் வெட்டியிருக்காங்கன்னா எத்தனை குடும்பம் அழுதிருக்கும் பாருங்க.

நம்ம ஒப்பந்தச் சட்டம் 128வது பிரிவுப்படி, வேற மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கினவருக்கு என்ன பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அதே பொறுப்பு. பேங்க் முதல்ல அவரைத் துரத்திட்டு அப்புறம்தான் உங்ககிட்ட வரணும்னு கட்டாயம் இல்லை. அதனால உங்ககிட்ட நீங்க கேட்க வேண்டியது, அவர் நல்லவரா கெட்டவரான்னு இல்லை. அந்த முழுத் தொகையையும் நானே கட்ட என்னால முடியுமா, கட்டின பிறகும் பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போய் சகஜமா சாப்பிட முடியுமா? ரெண்டுக்கும் ஆமான்னா போடுங்க. இல்லைன்னா, உங்களால திரும்பி வராட்டியும் தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கையில குடுத்துட்டு, கையெழுத்து மட்டும் வேண்டாம் தம்பின்னு உங்க வீட்டுக்காரரையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு சொல்லிடுங்க. பேச்சு வரும். வந்து போகும்.

"ஒருத்தர் நம்பிக் குடுத்த பணம், எழுத்து எதுவும் இல்லை, இப்போ அவர் இல்லை. பசங்களுக்கு விஷயம் அரைகுறையாத்தான் தெரியும். குடுத்தே ஆகணுமா?" (ஊர் போட வேண்டாம்னு கேட்டவர்)

ஸ்பார்ட்டாவுல கிளாக்கஸ்னு ஒருத்தன், நாணயஸ்தன்னு பேர் எடுத்தவன். மிலேட்டஸ் ஊர்க்காரர் ஒருத்தர் அந்தப் பேரை நம்பி தன் சொத்துல பாதியைப் பணமா அவன்கிட்ட குடுத்து வெச்சார், அடையாளம் காட்டுறவங்களுக்குத் திருப்பிக் குடுன்னார். வருஷம் கழிச்சு பசங்க அடையாளத்தோட வந்தாங்க. எனக்கு ஞாபகமே இல்லையே, நாலாவது மாசம் பதில் சொல்றேன்னு அனுப்பிட்டு, அவன் டெல்ஃபி போய், பொய் சத்தியம் பண்ணி அந்தப் பணத்தை எடுத்துக்கலாமான்னு கேட்டான். இப்போதைக்கு லாபம்தான், சத்தியம் பண்ணிக்கோ, ஆனா சத்தியத்துக்குப் பேரில்லாத ஒரு பிள்ளை உண்டு, அதுக்குக் கையும் இல்லை காலும் இல்லை, இருந்தும் துரத்திப் பிடிச்சு வம்சத்தையே அழிக்கும்னு பித்தியா சொன்னாங்க. பயந்து போய் மன்னிப்புக் கேட்டான். சாமியைச் சோதிச்சுப் பார்க்கிறதும் அந்தத் தப்பைச் செய்யுறதும் ஒண்ணுதான்னு சொல்லிட்டாங்க. அவன் பணத்தைத் திருப்பிக் குடுத்தான், இருந்தும் இன்னைக்கு ஸ்பார்ட்டாவுல அவன் வம்சம்னு சொல்ல ஒருத்தர் இல்லைன்னு ஹெரடோட்டஸ் எழுதுறார்.

நீங்க கேட்டதே தப்புன்னு நான் சொல்லலை, உறுத்துறதாலதான் எழுதியிருக்கீங்க. பசங்களைக் கூப்பிட்டு தொகையைச் சொல்லிடுங்க. மொத்தமா முடியலைன்னா தவணை கேளுங்க, இந்தத் தடவை எழுத்து போட்டு.

"டெல்ஃபியை இப்பவும் போய்ப் பார்க்கலாமா? அந்த எழுத்து இருக்கா?" (வேளச்சேரி வாசகர்)

போகலாம். எழுத்து இப்போ இல்லை, கோயில்ல திருப்பி நிறுத்தின ஆறு தூண்தான் இருக்கு. 1892ல பிரெஞ்சுக்காரங்க தோண்ட ஆரம்பிக்கும்போது மேல கஸ்ட்ரின்னு ஒரு கிராமமே இருந்துச்சு, அதைத் தள்ளி வெச்சுட்டுத்தான் தோண்டினாங்க. 1987லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. ஏதென்ஸ்லேர்ந்து பஸ்ல கிட்டத்தட்ட மூணு மணி நேரம், விசா ஷெங்கன். மியூசியத்துல வெண்கலத் தேரோட்டி சிலையைக் கண்டிப்பா பாருங்க. பர்னாசஸ் மலைச்சரிவுல இருக்கிறதால கோயில், அதுக்கு மேல தியேட்டர், அதுக்கும் மேல ஓட்டப்பந்தய மைதானம்னு ஏறிக்கிட்டே போகணும், முட்டி வலி இருக்கிறவங்க மைதானத்தை விட்டுடலாம்.